கேளாது வந்த எண்ணெய்

எள்ளும் நெய்யும் புணர்ந்து எண்ணெய் ஆயின என்பதனை எம் வகுப்பில் முதலாண்டு மாணவரும் அறிவர். பின்னர்த் தேங்காயிலிருந்து வந்ததும், ஆமணக்கிலிருந்து வந்ததும் அப்பெயரையே பெற்றன. ஈற்றில் நிலத்தடியிலிருந்து எடுத்துக் காய்ச்சி வடித்ததும் மண்ணெண்ணெய் ஆயிற்று. மண்ணில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எங்கள் பக்கத்து முதியோர் அதனைச் சீமையெண்ணெய் என்றும் கூறுவர். கப்பலேறி வந்த பொருள்களுக்கெல்லாம் சீமை என்னும் அடை கொடுத்து வழங்குதல் நம்மவர் வழக்கம். அச்சீமையெண்ணெய் சீமையிலேயே எங்கள் வீடு தேடிவந்து, எங்கள் குடும்பத்தாரின் உறக்கத்தைச் சில நாட்கள் கெடுத்த வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எம் தமக்கையார் வட அயர்லாந்தில், ஆன்றிம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்கின்றார். அவ்விடத்து மருத்துவமனையொன்றில் அவர் செவிலி. அத்தான் முதியோர் இல்லம் ஒன்றில் பணி புரிகின்றார். 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் தேர்வு முடிந்தவுடன், அன்னையாரை உடன் அழைத்துக்கொண்டு யாம் அங்குச் சென்று, கிறிஸ்துமஸ் கழியும்வரை தங்கினோம். ஆன்றிம் என்னும் பெயர் தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஐயர் 1814-இல் பிறந்தது அம்மாவட்டத்தில்தான். அங்கே பிறந்தவர் எங்கள் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வெயிலில் அலைந்து தமிழாராய்ந்தார். இங்கே பிறந்த யாம் அவர் நாட்டுக் குளிரில் இரண்டு கம்பளிச் சட்டைகளுக்குள் நடுங்கிக்கொண்டு யாதும் ஆராயாதிருந்தோம்.

அக்குளிரைச் சிறிது கூறல் வேண்டும். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்குத்தான் கதிரவன் எழுகின்றான். மாலை நான்கிற்கெல்லாம் மறைந்துவிடுகின்றான். இடையிலும் அவன் முகம் காண்பது அரிது. வீட்டினுள் வெப்பமூட்டாவிடின், சுவரைத் தொட்டால் ஈரத்துணியைத் தொட்டாற்போலும். நம் நாட்டில் அடுப்பெரியாவிடின் உணவில்லை. அந்நாட்டில் அடுப்பெரியாவிடின் உறக்கமும் இல்லை. வட அயர்லாந்தில் இயற்கை வாயுக் குழாய் 1996-இல்தான் வந்தது. அஃது இன்னும் பல ஊர்களை எட்டவில்லை. ஆதலால் அங்குள்ள இல்லங்களிற் பாதிக்கு மேற்பட்டவை எண்ணெயாலேயே சூடேற்றப்படுகின்றன. அவ்வெண்ணெய் வேறொன்றுமன்று, நம் மண்ணெண்ணெயே.

வீட்டின் பின்புறத்தில் ஆயிரம் லிட்டருக்கு மேற்கொள்ளும் பச்சைநிறப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று நிற்கும். அதிலிருந்து ஒரு சிறு குழாய் பாய்லருக்குச் செல்லும். பாய்லர் நீரைக் காய்ச்சும். அந்நீர் ஒவ்வோர் அறையின் சுவரோரத்தும் உள்ள இரும்புத் தகடுகளுக்குள் ஓடி அறையைச் சூடாக்கும். எண்ணெய் குறைந்தால் தொலைபேசியிற் சொல்லவேண்டும். சிறிய எண்ணெய் வண்டி வந்து, நீண்ட குழாயை வீட்டின் பக்கமாக இழுத்துச் சென்று தொட்டியில் ஊற்றிவிட்டு, அளவு அச்சிட்ட சீட்டைக் கதவிலுள்ள தபால் துளையில் இட்டுச் செல்லும். வீட்டில் ஆளிருக்க வேண்டுமென்பதில்லை. எம் அன்னையாருக்கு இவ்வொன்றுதான் கடைசிவரை விளங்கவில்லை. ஆளில்லாத வீட்டில் ஒருவன் புகுந்து 500 லிட்டர் ஊற்றிச் செல்வதா, அளக்கும்போது யார் நின்று பார்ப்பது என்று பலமுறை கேட்டார். அக்கேள்வியின் ஆழத்தை யாம் அப்போது உணர்ந்திலேம்.

தமக்கையார் வீட்டுத் தொட்டி அந்நாட்களில் வற்றிக்கொண்டிருந்தது. கடல் கடந்து செல்லப் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. எங்கள் விமானச் சீட்டும் அவர் தலையிலேயே ஏறியிருந்தது. சம்பளம் வந்தபின் 300 லிட்டர் வாங்குவதென்று அத்தான் முடிவு செய்திருந்தார். அதுவரை காலையில் ஒரு மணியும் மாலையில் ஒரு மணியுமே பாய்லர் எரியும். அது மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் குடிக்கும். தொட்டி முற்றிலும் வறளவும் விடலாகாது. விட்டால் அடியிற் படிந்த அழுக்கும் காற்றும் குழாயில் ஏறிப் பாய்லர் நின்றுவிடும். அதனைச் சரிசெய்யத் தனிச் செலவு. அத்தான் ஞாயிறுதோறும் தொட்டியின் பக்கத்துக் குழலில் மட்டத்தைப் பார்த்து நாட்காட்டியிற் குறித்துவைப்பார். அக்குறிப்பு பின்னர்ப் பெரிதும் உதவிற்று.

டிசம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை. இருவரும் பணிக்குச் சென்றிருந்தனர். அன்னையாரும் யாமும் கடைத்தெருவுக்குச் சென்று மீண்டபோது வீட்டு முகப்பில் மண்ணெண்ணெய் மணம் வீசிற்று. கதவைத் திறந்தோம், காலடியில் ஒரு சீட்டுக் கிடந்தது. 500 லிட்டர் என்பதை மட்டும் படித்தோம். அக்காள் எங்களுக்குச் சொல்லாமலே வாங்கிவிட்டார்கள் என்று எண்ணினோம். தாய் வந்து குளிரில் வாடுகின்றாளே என்று கடன் வாங்கியேனும் செய்திருப்பார்கள் என நெகிழ்ந்தும் போனோம். நெகிழ்ந்த கையோடு பாய்லரின் திருகைத் திருப்பியவர் யாமே. ஊற்றிய எண்ணெய் தெளிவதற்குச் சிறிது நேரம் விடவேண்டும் என்பதும் அறியோம். நல்லூழால் அது பழுதின்றி எரிந்தது. அன்று பிற்பகல் முழுவதும் வீடு பாளையங்கோட்டைச் சித்திரை மாதம்போல் இருந்தது. அன்னையார் வந்த நாள்முதல் கழற்றாத கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியின் மேலிட்டார். யாம் அரைமணி நேரம் வெந்நீரில் குளித்தோம்.

இரவு எட்டரைக்குத் தமக்கையார் வந்தார். வாயிலில் நின்றபடியே, "யார் இதைப் போட்டது?" என்றார். யாம் சிரித்துக்கொண்டே சீட்டை நீட்டினோம். அவர் அதனைப் படித்தார், முகம் மாறிற்று. "தம்பி, இது நம் வீடு இல்லை" என்றார். வீட்டு எண் 14 எங்களுடையதே. தெருப்பெயரின் முதற்சொல்லும் எங்களுடையதே. ஆனால் எங்கள் தெரு பார்க் என முடியும். சீட்டிலிருந்தது டிரைவ் என முடிந்தது. அந்நாட்டுப் புதுக்குடியிருப்புகளில் ஒரே பெயரை வைத்துக்கொண்டு பார்க், டிரைவ், அவென்யூ என்று ஈற்றை மட்டும் மாற்றிவிடுகின்றனர். தமிழிலே ஈறு மாறினால் பொருளே மாறும் என்று நாள்தோறும் படிக்கும் மாணவர், ஈற்றைப் படியாமல் விட்டோம்.

அத்தான் வந்தபின் ஆலோசனை தொடங்கிற்று. 500 லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 300 பவுன். நம் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தொலைபேசியில் ஏதோ தேடிப் பார்த்த அத்தான், கேளாத பொருளை வணிகன் அனுப்பினால் விலை கொடுக்க வேண்டுவதில்லை என்று அந்நாட்டுச் சட்டமே கூறுகின்றது என்றார். அவர் பேராசைக்காரர் அல்லர்; மாதக்கணக்கை மனத்திற் போட்டுப் போட்டு நொந்தவர். யாமோ அவருக்கு ஒருபடி மேலே சென்றோம். வலிய வந்த சீதேவியைக் காலால் உதைக்கலாமா என்று பழமொழி எடுத்துவிட்டோம். யாம் ஒன்றும் செய்யவில்லையே, தவறு அவர்களுடையதுதானே, கேட்டால் கொடுப்போம், கேளாவிடின் இருப்போம் என்றும் வாதித்தோம். அதற்கு முந்திய மாதத் தேர்வில் வெஃகாமை அதிகாரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றிருந்தோம் என்பதனையும் இங்கு மறைக்காமற் கூறிவிடுகின்றோம்.

அன்னையார் அதுவரை பேசவில்லை. கழற்றிய கம்பளிச் சட்டையை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு, "வண்டிக்காரன் கணக்கில் இடிக்குமே, மாப்பிள்ளை" என்றார்.

அச்சொல்லின் பின்னுள்ளதை அன்றுதான் யாம் முழுவதும் கேட்டோம். எம் தாய்வழிப் பாட்டனார் பாளையங்கோட்டையில் மண்ணெண்ணெய் வண்டி தள்ளியவர் என்பது தெரியும்; அதற்கு மேல் அறியோம். வண்டி அவருடையதன்று, முதலாளியுடையது. இருநூறு லிட்டர்ப் பீப்பாய், அடியில் ஒரு குழாய், கைமணி, ஒரு லிட்டர் அளவை, புனல் ஆகிய இவையே அவர் தொழிற்கருவிகள். மாலையில் முதலாளி பீப்பாயிற் கோல் விட்டு அளப்பார். குறைந்த லிட்டருக்கும் பெட்டியிலுள்ள காசுக்கும் பொருந்தாவிடின் கூலியிற் பிடித்துக்கொள்வார். 1980-ஆம் ஆண்டையொட்டி ஒருநாள், ஒரு வீட்டில் 5 லிட்டர் அளந்துகொண்டிருக்கையில் தெருவிற் கலியாண ஊர்வலம் ஒன்று போயிற்று. மேளச்சத்தத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. மாலையில் 4 லிட்டர் குறைந்தது. மறுநாள் அவர் அன்று சென்ற வீடுகளுக்கெல்லாம் சென்று கேட்டார். வாங்கிய அளவுக்குக் காசு கொடுத்தாயிற்று என்றே எல்லாரும் சொன்னார்கள். அவ்வாரம் கூலி குறைந்தது. எண்ணெய் விற்பவர் வீட்டிலேயே இரண்டு இரவு விளக்குச் சீக்கிரம் அணைந்தது.

"எந்த வீடு என்று தெரியவே இல்லையா, அம்மா?" என்று அக்காள் கேட்டார்.

"எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை என்னோடு படித்தாள். நேற்று எங்கள் வீட்டுத் தகரம் வழிந்து போச்சு, அம்மா செம்பிலே பிடித்து வைத்தாள் என்று வகுப்பிலே சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் அப்பாவிடம் சொன்னேன். பேசாதே, அந்தப் பிள்ளையோடு எப்போதும்போல் விளையாடு என்றுவிட்டார்கள்."

அதன்பின் சட்டம் பற்றி அத்தான் பேசவில்லை. யாம் மட்டும் மனம் ஆறாது, மதுரையிற் சட்டம் பயிலும் நண்பர் ஒருவருக்குச் செய்தி அனுப்பினோம். தீர்ப்பு எமக்குச் சாதகமாய் வரும் என்ற நப்பாசைதான். காலையில் மறுமொழி வந்திருந்தது. நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு இதைப் பற்றியதே என்றார் நண்பர். இலவசமாகச் செய்ய எண்ணாத ஒன்றை ஒருவன் செய்ய, மற்றவன் அதன் பயனை அனுபவித்தால் ஈடு செய்யவேண்டும். வணிகன் தவறுதலாக ஒருவன் வீட்டில் விட்டுச்சென்ற பண்டத்தை அவன் தன்னதாகக் கொண்டால் விலை கொடுக்கவேண்டும் என்பது அப்பிரிவிலேயே காட்டப்பட்டுள்ள உதாரணமாம். எமது வழக்கை 152 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்ததுபோல் இருந்தது. கேளாமலே துடைத்து வைக்கப்பட்ட மிதியடியை அணிந்துகொண்டவன் கூலி கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்லன் என்னும் கருத்தை ஆங்கில நீதிபதி ஒருவர் 1856-இல் ஒரு வழக்கிற் கூறியுள்ளார் என்றும் நண்பர் எழுதினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்த ஆண்டும் அதுவே! யாம் ஒருகணம் மகிழ்ந்தோம். ஆனால் துடைத்த பளபளப்பைத் திரும்ப எடுத்துக் கொடுக்க முடியாது. எண்ணெயை அளந்து கொடுக்க முடியும், அல்லது அதன் விலையைக் கொடுக்க முடியும். அத்தான் படித்த விதியோ, வேண்டுமென்றே கேளாப் பொருளை அனுப்பி விலை கேட்டு வருத்தும் வணிகரை அடக்க எழுந்தது; வீடு தவறி வந்த பொருளுக்கு அஃது உதவாது என்பதும் பின்னர்த் தெரிந்தது.

நிற்க. அன்று காலை தமக்கையார் எண்ணெய்க் கம்பெனிக்குப் பேசுமுன்னரே, அன்னையார் சீட்டையெடுத்துக்கொண்டு, "அந்த வீட்டுக்குப் போய்வருவோம், வா" என்றார். பத்து நிமிட நடை. புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்திருந்தது. கதவைத் தட்டினோம். எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர், வெளியிற் போட்டுக்கொள்ளும் கனத்த கோட்டை வீட்டினுள்ளேயே போட்டுக்கொண்டு வந்து திறந்தார். உள்ளே ஒரு சிறிய மின்கணப்பு. அதனருகில் நாய் ஒன்று. யாம் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் விஷயத்தைக் கூறிச் சீட்டை நீட்டினோம்.

அம்மூதாட்டியார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு சீட்டை மிக நேரம் படித்தார். எண்ணெய்க்காக அவர் முன்பணம் கட்டியிருந்தார். முதல்நாள் மாலை வண்டி வரவில்லையே என்று கம்பெனிக்குப் பேசியிருக்கின்றார். கருவியில் 500 லிட்டர் பதிவாகியுள்ளது, உங்கள் வீட்டில் ஊற்றியாயிற்று, நன்றாகப் பாருங்கள் என்று சொல்லியிருக்கின்றனர். அவர் கைவிளக்கோடு பின்புறம் சென்று பார்த்தார். தொட்டி வெறுமை. மீண்டும் பேசினார், மீண்டும் அதே மறுமொழி. இரவிற் மூன்றுமுறை வெளியே சென்று பார்த்தாராம். தன் கண்ணே தவறோ, நினைவே தவறோ என்ற ஐயம் அவருக்கு வந்துவிட்டது. அண்மைக்காலமாகப் பெயர்கள் மறக்கின்றன, ஆதலால் இதுவும் அதன் தொடக்கம்தானோ என்று எண்ணி, அயலூரிலுள்ள மகனுக்கும் சொல்லாமல் இருந்துவிட்டாராம். இவற்றையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டேதான் கூறினார். சீட்டைப் பிடித்திருந்த கைமட்டும் நடுங்கிற்று. குளிரினாலும் இருக்கலாம்.

கூறியவற்றுள் பாதி அன்னையாருக்கு விளங்கியிராது. ஆயினும் அவர் அம்மூதாட்டியின் கையைப் பற்றிக்கொண்டு நின்றார். யாம் நின்ற நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. அவர் கைவிளக்கோடு வெறுந் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாலையில்தான் யாம் அரைமணி நேரம் வெந்நீரில் நின்றோம். கேட்டால் கொடுப்போம், கேளாவிடின் இருப்போம் என்றோமே. கம்பெனி எங்களை ஒருநாளும் கேட்டிராது. அவர்கள் ஏட்டில் எண்ணெய் சேரவேண்டிய வீட்டிற்கே சேர்ந்துவிட்டது. அவர் அச்சீட்டைத் தம்மிடமே விட்டுச்செல்லுமாறு கேட்டு, அதன் பின்புறத்தில் எங்கள் வீட்டு முகவரியை எழுதச் செய்து, கணப்பின் மேலுள்ள கடிகாரத்தின் அடியிற் செருகிவைத்தார்.

கம்பெனியின் பக்கம் அத்துணை இனிதாயில்லை. தமக்கையார் பேசியபோது முதலில் நம்பவில்லை. நம்பியபின், அப்படியாயின் முழுத்தொகையையும் இன்றே கட்டுங்கள் என்றனர். முடியாது என்றபோது, வந்து உறிஞ்சிக்கொண்டு போகின்றோம் என்றனர். அதிலும் ஓர் இடர். ஒரு தொட்டியிற் கலந்த எண்ணெயில் அடியழுக்கும் நீரும் சேர்ந்திருக்கும். அதனை எடுத்து மற்றொருவர்க்கு விற்றல் இயலாது. எங்கள் பழைய எண்ணெய் எது, அவர்கள் புது எண்ணெய் எது என்று பிரிப்பதும் இயலாது. அத்தான் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பை எடுத்தார். யாம் விளக்குமாற்றுக் காம்பைத் தொட்டியுள் விட்டு அளந்து பென்சிலாற் கோடிட்டோம். இரண்டையும் ஒத்துப்பார்த்ததில் சீட்டிலிருந்த 500 சரியே என்று தோன்றிற்று. ஈற்றில், பொறுப்பாளர் ஒருவர் இறங்கிவந்து, மூதாட்டியார் கட்டிய அதே விலையில், மூன்று தவணைகளாகக் கட்டலாம் என்றார். அத்தான் அதற்கு இசைந்தார். ஒரு நன்றி கூடச் சொல்லவில்லையே என்று இரவுணவின்போது குறைப்பட்டுக்கொண்டார்; அது நியாயமான குறையே.

வெள்ளிக்கிழமை மூதாட்டியாருக்கு எண்ணெய் வந்தது. வண்டி எங்கள் தெருமுனையில் திரும்பியதைக் கண்ட அன்னையார், "அவனைப் பார்க்கவேண்டும்" என்று கிளம்பிவிட்டார். யாமும் உடன் ஓடினோம். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞன். மழைச்சட்டையும் தடித்த கையுறையும் அணிந்து குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் கூலியிற் பிடித்தார்களா என்று கேட்கும்படி அன்னையார் எம்மை ஏவினார். கேட்டோம். அவன் வியந்துபோய், அப்படியெல்லாம் பிடிப்பதில்லை, திட்டினார்கள், அவ்வளவே என்று சொல்லித் தலையைச் சொறிந்தான். எண் 14 என்பதை மட்டும் பார்த்தேன் என்றும் சொன்னான். யாமும் அதனை மட்டுமே பார்த்தோம் என்று சொல்ல நா எழுந்தது; சொல்லவில்லை.

ஆகவே அன்னையார் அஞ்சியது நடக்கவில்லை. திரும்பும் வழியில் அதனை எடுத்துக் கூறினோம். "திட்டு வாங்கினானே, பாவம்" என்றார் அவர்.

அதன்பின் பாய்லர் முன்போலவே காலை ஒரு மணியும் மாலை ஒரு மணியும் எரிந்தது. தவணையில் வாங்கிய எண்ணெயை ஊதாரித்தனமாய் எரிக்கலாகாது என்பது அத்தான் கட்டளை. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் நாள் முழுவதும் எரிய விட்டார். அன்று பிற்பகல் மூதாட்டியாரும் அவர் நாயும் வந்திருந்தனர். அன்னையார் சுட்டுவைத்த முறுக்கை மூதாட்டியார் பல்லுக்கு அஞ்சி மெதுவாய்க் கடித்தார். நாய் அஞ்சாமற் கடித்தது.

கடைசித் தவணையைத் தமக்கையார் மார்ச்சு மாதத்திற் கட்டினார். பென்சிற்கோடிட்ட விளக்குமாற்றுக் காம்பு இன்னும் அவ்வீட்டில் இருக்கின்றதாம். அன்னையார் தொலைபேசியில் மகளோடு பேசும்போதெல்லாம், பேரப்பிள்ளை எப்போது என்று கேட்குமுன், தொட்டியில் எத்தனை விரற்கடை இருக்கின்றது என்றுதான் கேட்கின்றார்.